பெட்சீற் மகாராசா

ரேணு அழைத்தபோது நான் டார்னெய்ட் ரயில் நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன். "அன்ரி, அப்பா காலமை போயிட்டார். நித்திரையில. பெய்ன் ஒண்டும் இருந்திருக்காது எண்டு டொக்டர் சொன்னவ" என்றாள். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். வண்டியை ஓரமாக்கிவிட்டு, "நான் வாறன் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். வேலைக்குப் போகவில்லை. மெல்பேர்ணின் மேற்கு முனையிலிருந்து கிழக்கே கிளென் வேவர்லிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். வழி முழுவதும் ரேணுவின் அப்பா ராசு அண்ணையின் இருபத்திரண்டு வயது முகமே கண்ணில் நின்றது. அந்த வயதில் அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில்தான் பார்த்தேன்.

இராசநாயகம் என்ற அவருடைய முழுப்பெயர் உங்களில் பலருக்கு இப்போதுதான் தெரியவரும். நாங்கள் அவரை மழைநீர் வடிகால் அமைக்கும் பொறியியலாளராக அறிந்திருந்தோம். எந்தக் கோயில் பொதுக்கூட்டத்திலும் கடைசி வரிசையில் இருந்துகொண்டு, "முதல்ல தண்ணி போற வழியைப் பாருங்கோ, கோபுரத்தைப் பிறகு பாப்பம்" என்று ஒரே வசனத்தில் கூட்டத்தை முடித்துவைக்கிறவர். அவர் ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் நடித்தவர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாற்பது வருடம் கூடவே வாழ்ந்த மனைவி கமலா அக்காவும் அதை அறியாமலே கண்ணை மூடினார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அது வெளியே வந்தது. பழைய படச்சுருள்களைப் பாதுகாக்கும் ஒரு காப்பகத்திலிருந்து ரேணுவுக்குக் கடிதம் வந்திருந்தது. அறுபதுகளின் கடைசியில் மெல்பேர்ணில் 'மில்க் பார் பாய்ஸ்' என்று ஒரு வாராந்த நகைச்சுவைத் தொடர் ஓடியதாம். நாலு பையன்களின் பொப் இசைக்குழு, வாரத்துக்கு ஒரு வில்லங்கம். ஒரு வாரம் வான் நடுவழியில் நின்றுவிடும். இன்னொரு வாரம் கலியாண வீடு என்று நினைத்துச் செத்தவீட்டில் போய் ட்ரம்ஸ் அடிப்பார்கள். அந்தக் காலத்தில் ஒளிபரப்பு முடிந்ததும் நாடாவை அழித்து, அதன்மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்கள். எப்படியோ ஒரு பாகம் மட்டும் படச்சுருளில் தப்பியிருந்தது. அதில் ஒருவர் புரியாத பாஷையில் நீளமாகப் பேசுகிறார். நடிகர் பட்டியலில் 'ஆர். நாயகம், மாணவர்' என்றிருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு ரேணுவைத் தேடிப் பிடித்திருந்தார்கள். படத்தைத் திரையிட எண்ணியிருந்ததால் அந்தப் பேச்சுக்குத் திரையின் கீழே ஓடும் ஆங்கில வசனவரி தேவைப்பட்டது. நான் மொழிபெயர்ப்பாளர் என்பதால் ரேணு என்னைக் கூப்பிட்டாள்.

ராசு அண்ணை வீட்டு ஹோலில் மூன்று பேரும் இருந்து பார்த்தோம். கதை இதுதான். தங்கள் பாட்டு எடுபடாமல் போன கவலையில் இருக்கும் பையன்கள், இந்திய மகாராசா ஒருவர் சித்தார் வாசித்தால் இசைத்தட்டு விற்றுத் தீரும் என்று நம்புகிறார்கள். தெருவில் கண்ட ஒரு மாணவனை மகாராசா என்றே எண்ணி வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள்.

"பல்கலைக்கழகத்தில நோட்டீஸ் போட்டிருந்தவங்கள், இந்திய மாணவன் ஒருவன் தேவை எண்டு" என்றார் ராசு அண்ணை. "நான் சிலோன் எண்டு சொன்னனான். டிரெக்டர் வரைபடத்தைப் பாத்திட்டு, 'கிட்டத்தானே' எண்டான்."

"சித்தார் வாசிக்கத் தெரியுமோ அண்ணை?"

"அண்டைக்குத்தான் முதல்முதல் சித்தாரைக் கண்டனான். தலைகீழாப் பிடிச்சிருக்கிறன், பாரும். ஒருத்தருக்கும் தெரியேல்லை."

அவரை ஒப்பனைக் கதிரையில் இருத்திவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இந்த நிறம் போதாது என்று மேலும் கரி பூசினார்களாம். "என்னைப் பாத்து ஒருத்தன் நிறம் காணாது எண்டு சொன்னது சீவியத்தில அந்த ஒருக்காத்தான்" என்றார். வேட்டி கிடைக்காததால் கட்டில் விரிப்பு ஒன்றை இடுப்பில் சுற்றி இரண்டு ஊசிகளால் குத்திவிட்டார்கள். வசனம் எதுவும் கொடுக்கவில்லை. உன்னுடைய பாஷையில் எதையாவது சொல், பக்தியாக இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

கமரா ஓடத் தொடங்கியதும் ஒரு ஊசி கழன்றது. நிறுத்தச் சொல்லத் துணிவில்லை. ஒரு கையால் சித்தாரையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, தேவாரம் ஓதும் இழுவையில் அவர் தமிழில் சொன்னார்: "ஐயோ, ஊசி கழண்டு போச்சு... பெட்சீற் அவிழுது... ஆராவது வந்து பிடியுங்கோ..."

நாலு பையன்களும் மண்டியிட்டுக் கைகூப்பினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே குரலில், ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்கள். "பெட்சீட் அவலுத்தூ" என்று அவர்கள் உருகி உருகிச் சொன்ன விதம் என்னால் தாங்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ரேணு நிலத்தில் இருந்துவிட்டாள்.

ராசு அண்ணை சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் குலசிங்கம் என்ற தன் பழைய நண்பரின் கதையைச் சொன்னார்.

இருவரும் ஒரே கப்பலில், ஒரே புலமைப்பரிசிலில் வந்தவர்கள். ஒரே அறையில் இருந்தவர்கள். அந்தப் பாகம் ஒளிபரப்பான மறுநாளே குலசிங்கத்தின் வகுப்பில் ஒருவன் கைகூப்பி, "பெட்சீட் அவலுத்தூ" என்றிருக்கிறான். வகுப்பே பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் நடந்தது. ஒரு நாள் ட்ராமில் முன்பின் தெரியாத ஒரு கிழவர்கூடச் சொன்னாராம். குலசிங்கம் ஆள் கொஞ்சம் கூச்சம். திருப்பிப் பேச வராது. கடைசியில் ஒரு பின்னேரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ராசு அண்ணையிடம் இவ்வளவுதான் சொன்னார்: "நீ ஒரு நாள் மகாராசாவா இருந்தாய். நான் ஒவ்வொரு நாளும் இருக்கிறன்."

சிட்னிக்குப் போனவர் திரும்பவில்லை. எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. இன்னும் இரண்டு பாகங்களில் நடிக்கக் கேட்டபோது ராசு அண்ணை மறுத்துவிட்டார். பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ரேணு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போன நேரம் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வதனி, நீர் அதை ஒரு பிரார்த்தனை எண்டு மாத்தி எழுதும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"தமிழ் தெரிஞ்ச ஆக்களும் பாப்பினம், அண்ணை."

"அவை பேசாமல் இருப்பினம்."

"என்னால அப்பிடிச் செய்யேலாது."

"அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்" என்றார். அதன்பின் ஒரு மாதம் பேச்சில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அந்த மாதத்தில் ஒரு நாள் அவர் கேட்டபடியே எழுதியும் பார்த்தேன். இறைவா, உன் பாதமே துணை என்ற மாதிரி நாலு வரி. வாசிக்க மிக மரியாதையாக இருந்தது. யாருக்கும் தீங்கில்லை என்றும் தோன்றியது. ஆனால் திரையில் அந்தப் பொடியன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டுகிறான். அந்த முகத்தின் கீழே அந்த வரிகள் நிற்கவில்லை. அழித்துவிட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவரே அழைத்தார். "சிட்னிக்கு ரிக்கற் போட்டிட்டன். உமக்கும் சேர்த்துத்தான். லப்ரொப்பைக் கொண்டு வாரும். எழுதிறதோ விடுறதோ, குலம் சொல்லட்டும்."

குலசிங்கத்தின் வீடு மெரிலேண்ட்ஸில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. ஆட்களை விசாரித்து அவருடைய மகனைக் கண்டுபிடித்து, வருகிறோம் என்று சொல்லி வைத்திருந்தோம். கதவைத் திறந்தவர் குலசிங்கமே, நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்தபடி. ராசு அண்ணை விமானத்தில் வரும்போது என்ன பேசுவதென்று கடதாசியில் எழுதி வைத்திருந்தார். அது சட்டைப்பையிலேயே இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் காணாதவர்கள் கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். குலசிங்கம் அவரைக் காலிலிருந்து தலைவரை ஒரு முறை பார்த்தார்.

"இண்டைக்கு பெல்ற் கட்டியிருக்கிறியோ?" என்றார்.

ராசு அண்ணை சட்டையைத் தூக்கி பெல்ற்றைக் காட்டினார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. "உள்ளுக்கு வா" என்றார் குலசிங்கம்.

மேசையில் படத்தைப் போட்டேன். குலசிங்கம் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். பையன்கள் கைகூப்பிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாம் முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த நேரம் இந்த ஊரில இது விளங்கின ஆக்கள் விரல் விட்டு எண்ணுற அளவுதான், பிள்ளை. அதில ஒருத்தன் நான். ஆனா எனக்குத்தான் சிரிக்கேலாமல் போச்சு."

"குலம், நான் நடிக்கப் போக முதல் உன்னட்டைக் கேட்டிருக்க வேணும்" என்றார் ராசு அண்ணை.

"கேட்டிருந்தா போகாதை எண்டிருப்பன்."

"ஓம். அதான் கேக்கேல்லை."

குலசிங்கம் தலையாட்டினார். பிறகு விரலால் திரையைத் தட்டி என்னிடம் சொன்னார்: "உள்ளபடி எழுதும். ஒரு சொல்லும் மாத்தாதையும். அந்த 'ஐயோ'வையும் போடும்."

திரையிடல் ஒரு ஞாயிறு பின்னேரம், மெல்பேர்ண் நகரத்தில் ஒரு சிறு மண்டபத்தில் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தத் தொடரைச் சிறுவயதில் பார்த்த வெள்ளைக்காரர்கள். எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். மகனோடு வந்திருந்த குலசிங்கம், ராசு அண்ணைக்குப் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தார். மகாராசா ஓதத் தொடங்கியதும் கீழே ஆங்கிலத்தில் வரி வந்தது. ஒரு விநாடி மண்டபம் அமைதியாக வாசித்தது. பிறகு எழுந்த சிரிப்பில், பையன்கள் திருப்பிச் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை காலமும் அந்த மாணவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்றைக்கு மண்டியிட்டிருந்த நாலு பேரைப் பார்த்துச் சிரித்தார்கள். ராசு அண்ணையின் தோள் குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அழுகிறாரோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தடியூன்றி வந்தார். அந்த நாலு பையன்களில் கிற்றார்க்காரனாக நடித்தவர். முகம் சிவந்திருந்தது. அது ஏதோ பழைய ஆசீர்வாதம் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தாராம். மகளின் கலியாணத்தில் எழுந்து நின்று, மணமக்களை அந்தச் சொற்களாலேயே வாழ்த்தியிருக்கிறார்.

ராசு அண்ணை அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "பொருத்தமான இடத்தில்தான் சொல்லியிருக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். குலசிங்கத்துக்குப் புரையேறி, மகன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் தொலைபேசியில் பேசினார்கள். என்ன பேசுகிறார்கள் என்று ரேணுவிடம் கேட்டேன். "நத்திங், அன்ரி. மருந்து, மழை, பிறகு சண்டை" என்றாள். அவர் போவதற்கு முந்திய ஞாயிறும் பேசியிருக்கிறார்கள்.

சிட்னியிலிருந்து திரும்பும் விமானத்தில் ராசு அண்ணை என்னிடம் சொன்ன ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். "நான் பேசினதை நல்லதாக்கித் தந்தா, பிறகு அது நான் பேசினதில்லை, வதனி. நீர் பேசினது." அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் எங்கள் சனம் சொல்லும் கோணல் மாணலான பேச்சை நான் இருபது வருடமாக அங்கங்கே தட்டி நிமிர்த்தித்தான் கொடுத்துவந்தேன். முட்டாள்தனமாகத் தெரிவதை விட்டுவிடுவேன். கோபத்தைக் குறைப்பேன். அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு. அந்தப் பயணத்துக்குப் பின் அதை நிறுத்திவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்.

அவருடைய காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வயதான ஓர் அம்மாவுக்கு மொழிபெயர்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளம் டொக்டர் ஒருவர் உள்ளே வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் இருக்கட்டும், இந்தப் பெடியன் சாப்பிடுறதே இல்லையோ? எலும்பெடுத்துப் போய் நிக்குது" என்றார். முன்பென்றால், நலம் என்று சொல்கிறார் என்றிருப்பேன். சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னேன்.

டொக்டர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டார். அம்மா கைப்பையைத் திறந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதை உரித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடியும்வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா, தன் உடம்பு வருத்தத்தை ஒன்றும் ஒளிக்காமல் அவரிடம் சொல்லத் தொடங்கினார்.