வேற்றுக் கிரகத்துத் துரியோதனன்

கன்னியப்பனுக்கு ஊர் உலகமெல்லாம் பெயர் வாங்கித் தந்த நடிப்பு, அவர் நடிக்காத நடிப்பு. இதை அவரே தலையிலடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்புவதில்லை. மரக்காணம் கடைத்தெருவில் டீ குடிக்கப் போனால் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "ஜிராக் சார், ஒருவாட்டி அந்த முழி முழிங்க சார்" என்பார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முழிப்பார். உடனே கைதட்டுவார்கள்.

உப்புக் காலத்தில் அளத்து வேலை, திருவிழா வந்தால் கூத்து என்று ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். துரியோதனன் வேஷம் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். தோளில் கட்டை கட்டித் தலையில் கிரீடம் ஏறிவிட்டால், பெற்ற மகள் இலக்கியாகூடக் கிட்டே போகமாட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் சென்னையிலிருந்து ஒரு வெப் சீரிஸ் கம்பெனி வந்தது. வெள்ளை வெளேரென்று கிடந்த உப்பளம் அவர்களுக்கு வேற்றுக் கிரகமாகத் தெரிந்ததாம். அந்த வெயிலில் முதுகு வெந்து வேலை செய்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி. அந்தக் கிரகத்தின் கடைசி ராசா ஜிராக். கன்னியப்பனின் கணீர்க் குரலைக் கேட்டு, வேஷத்தை அவருக்கே கொடுத்துவிட்டார் டைரக்டர்.

வெள்ளி நிற உடுப்பை மாட்டிவிட்டு, பாத்தி வரப்பில் நிறுத்தி, "ஆக்‌ஷன்" என்றார்கள். கன்னியப்பன் அசையவில்லை. கூத்தில் ராசா அப்படிச் சும்மா வந்துவிட முடியாது. இரண்டு பேர் திரை பிடிக்க வேண்டும். வந்திருப்பது யாரென்று கட்டியக்காரன் கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் ராசா வாயைத் திறப்பான்.

"சார், திரை எங்க சார்? நான் யாருன்னு எவன் கேப்பான்?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அந்த கிரகத்துல நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றார் டைரக்டர்.

"அப்ப யாருகிட்ட சார் பேசறது?"

கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "கட்! ஓகே!" என்று டைரக்டர் கத்த, மொத்த யூனிட்டும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த முழிதான் செல்போன் செல்போனாகப் பறந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு ரோபோ வேண்டும், இன்னொருவருக்குப் பறக்கும் தட்டில் வருகிறவன் வேண்டும். இரண்டு பேருமே, "அதே முழி" என்றார்கள். இப்போது எல்லாம் புரிந்துபோயிருந்ததால் அந்த முழி வரமாட்டேன் என்றது. சாப்பாடு போட்டு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தான் நல்ல நடிகனா, இல்லை குருட்டு அதிர்ஷ்டமா என்று கன்னியப்பனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மனைவி மலர்கொடியைக் கேட்டால், "சோறு ஆறுது, வந்து துன்னு" என்பாள்.

இந்த வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு முன்னால் கொளஞ்சியம்மாள் வந்தார். கன்னியப்பனோடு அளத்தில் உப்பு சுமப்பவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு கார் அடித்துப்போட்டதில் அவர் மகன் பிரபு மாசி மாதம் செத்துப்போனான். முகம் பார்க்கிற நிலையில் இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே மூட்டை கட்டித் தந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊரே பயந்துபோயிருந்தது.

"தம்பி, எனக்கு அழுகையே வரமாட்டேங்குது. நெஞ்சு கல்லாட்டம் இருக்குது. படுகளத்துல நீ விழுவ இல்ல, அப்ப அழுதுக்கறேன். நல்லா விழுப்பா."

படுகளம் திருவிழாவின் கடைசி நாள் காலையில் நடக்கும். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் கோயில் வெளியில் மல்லாந்து கிடக்கும். அதைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போட்டு, பீமனிடம் தொடையில் அடிவாங்கித் துரியோதனன் வேஷக்காரர் விழுவார். அப்போது பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். துரியோதனனைச் சாக்கிட்டு அவரவர் வீட்டுச் சாவுக்கு அழுவதுதான் வழக்கம். கன்னியப்பன் விழுந்தால் அழாத பெண் இருக்கமாட்டாள்.

"நல்லா விழறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. கோட்டக்குப்பத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள், எல்லோர் கையிலும் செல்போன். கன்னியப்பன் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்து வந்தார். "ஜிராக்! ஜிராக்!" என்று விசில் பறந்தது. அவர் துரியோதனன் பாட்டை உரக்க எடுத்தார். விசில் அதற்குமேல் எகிறியது. பாட்டில் அடுத்த அடி மறந்துபோயிற்று. இருபத்தைந்து வருஷப் பாட்டு! இப்படியும் அப்படியும் பார்த்து முழித்தார். கூட்டம் ஆகாயம் பிளக்கக் கைதட்டியது.

"விழுண்ணே, விழு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் பீமன் வேஷம் கட்டிய செந்தமிழ். அடித்தான். கன்னியப்பன் விழுந்தார்.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் சுற்றிலும் சிரிப்பும் போட்டோ எடுக்கிற சத்தமும்தான். யாருக்கும் ஒப்பாரி எழும்பவில்லை. கண்ணை மூடிக் கிடந்த கன்னியப்பனின் காதுக்கருகே கொளஞ்சியம்மாள் குரல் கேட்டது.

"வரல தம்பி. இங்கயும் வரல."

கன்னியப்பனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. செத்த துரியோதனன் அழக்கூடாது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. முகத்துச் சாயம் கரைய, உதடு கோண, பொட்டு பொட்டென்று கண்ணீர் வழிந்தது.

"ஜிராக் அழுறாருடா! எடு, எடு!" என்று செல்போன்கள் குனிந்து வந்தன.

"போங்கடா அந்தாண்ட!" என்று கத்தினார் கொளஞ்சியம்மாள். யாரும் நகரவில்லை. அவர் தன் முந்தானையை இழுத்துக் கன்னியப்பனின் முகத்தின்மேல் போட்டார். காற்றில் தூக்காமல் இரண்டு ஓரத்தையும் கழுத்துக்குக் கீழே சொருகினார். நெற்றியின்மேல் சேலை கசங்கியிருந்த இடத்தை நீவிவிட்டார். நீவிய கை அங்கேயே நின்றது.

"அய்யோ, என் அப்பா... பிரபு..."

அந்தக் குரலில் விசில் அடங்கிப்போனது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரியைப் பிடித்துக்கொண்டார்கள். சேலைக்குள்ளே தன் அழுகையை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல், நெற்றியிலிருந்த அந்த அம்மாளின் கை விலகிவிடக்கூடாதே என்று, கன்னியப்பன் அசையாமல் கிடந்தார்.