அண்டை வெட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் குவைத்தில் பன்னிரண்டு பேரை வைத்து வெல்டிங் பட்டறை நடத்தினேன். லைசென்ஸ் ஓர் அரபியின் பெயரில், உழைப்பு முழுக்க என்னுடையது. என்ஜினீயர்களே எனக்காகக் காத்து நின்றார்கள்.

பக்கத்து நாடான ஈராக், குவைத்தும் தன் மண்தான் என்று படையோடு உள்ளே வந்தது. சிப்பாய்கள் என் மெஷின்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். போட்டிருந்த சட்டையோடு பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு வந்து சேர்ந்தேன். பாகத்தில் கிடைத்த மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம்தான் இனி எனக்கு மிச்சம்.

வயலுக்குப் போனால், அண்ணனுக்கும் எனக்கும் நடுவிலிருந்த வரப்பு என் பக்கம் நகர்ந்திருந்தது. நடவுக்கு முன் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் செதுக்குவதை அண்டை வெட்டுவது என்போம். அண்ணன் வருஷா வருஷம் தன் பக்கம் வெட்டி, அந்த மண்ணை என் பக்கம் அணைத்திருக்கிறார்.

“என்னண்ணே, வரப்பு நடக்குது போலருக்கு?”

“அண்டை வெட்டுனா முன்னப் பின்னதான்டா இருக்கும். பட்டறையே போனப்ப வாயத் தொறக்காதவன், ரெண்டு முழத்துக்கு வந்துட்டியா?”

ரேடியோவில் தினமும் அண்டை நாடு, அண்டை நாடு என்றார்கள். எனக்கு அதற்கு அர்த்தம் சொல்ல வாத்தியார் தேவைப்படவில்லை.

குவைத்தை மீட்க எத்தனையோ நாடுகள் படை அனுப்பின. எனக்கு யார் வந்தார்கள்? நானே சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து கல் ஊன்றினேன். பிறகு சுற்றியிருந்த வயல்களையெல்லாம் உழைத்து வாங்கினேன். அண்ணன் தன் வயலை எனக்கு விற்கவில்லை, அதன்பின் பேசவும் இல்லை. அவரைச் சுடுகாட்டுக்கு அந்த வரப்பு வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். நான் என் வயலுக்குள்ளேயே நின்றேன்.