எடுத்த இடத்தில் ஒரு சீட்டு

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நாலு வருடம் ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் மூன்றாவது மாடிக்குப் படியேறி வந்தவர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "நல்லதாப் போச்சு. வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சியில முழிக்கணுமா?" என்பார்.

பணிமனையில் அவருக்குப் பட்டப்பெயர் 'சீட்டு'. அம்மாவைப் பெண் பார்க்க வந்த சமயத்தில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லித் தொலைக்க, ஆள் சீட்டாடுகிறவர் போலிருக்கிறது என்று என் மாமா கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தாராம். விஷயம் அதுவல்ல. பணிமனையில் ஓரங்கட்டிய பழைய மோட்டார்கள் கிடக்கும். அவசரத்துக்கு அவற்றிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வேறு லிஃப்டில் மாட்டுவார்கள். கழற்றிய இடத்தில் ஓர் அட்டைச் சீட்டைக் கட்டிவிட்டு வர வேண்டும் என்பது விதி. எடுத்த பாகம், எந்த லிஃப்டுக்கு, தேதி, காரணம் என்று அதில் நான்கு வரி அச்சாகியிருக்கும். மற்றவர்கள் அப்புறம் கட்டலாம் என்று மறந்துபோவார்கள். அப்பா ஒரு நாளும் மறந்ததில்லை. "பின்னாடி வர்றவங்க முழுசா இருக்குன்னு நம்பி ஏமாறக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே எல்லோர் உயிரையும் வாங்குவார். வீட்டிலும் இதே கூத்துதான். டார்ச்சிலிருந்து பேட்டரியை எடுத்தால் டார்ச்சின் வயிற்றுக்குள் ஒரு சீட்டு இருக்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவருக்குப் பொம்மைப் பைத்தியம் பிடித்தது என்னால். ஐந்து வயதில் நான் காய்ச்சலில் கிடந்து தேறியபோது ஏதாவது வாங்கி வரலாம் என்று கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் ஒரு போர்வீரனைக் காட்டினார். அந்த வீரன் முழு உருவமாக வர மாட்டான். கை, கால், முட்டி, கேடயம், தலைக்கவசம் என்று அறுபது எழுபது துண்டுகளாகப் பையில் வருவான். நாம்தான் ஒவ்வொன்றாக மாட்டி நிற்க வைக்க வேண்டும். அப்பா கடையிலேயே மாதிரிப் பொம்மையின் முழங்காலை மடக்கி மடக்கிப் பார்த்தாராம். "மூட்டு நல்லா செஞ்சிருக்கான்" என்று வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நானும் அவரும் சேர்ந்து அவனை நிற்க வைத்தோம். என் சின்ன வயதில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான் என்று இன்றைக்கும் கூசாமல் சொல்வேன்.

கடைக்காரர் இன்னொன்றையும் அவர் காதில் போட்டிருந்தார். பொம்மை சேர்க்கிறவர்கள் எப்போதும் இரண்டாகத்தான் வாங்குவார்கள், பிரிக்காத பெட்டிக்குத்தான் பின்னால் மதிப்பு என்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த வீரர்கள் எல்லோரும் இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் எங்கள் கையில், இன்னொருவன் பெட்டியோடு கூடத்துக் கண்ணாடி அலமாரியில். "நீங்க பெரியவங்களானதும் இதெல்லாம் உங்களுக்குத்தான்" என்பார். ஆறு வருடத்தில் பதினான்கு பெட்டிகள் சேர்ந்தன. சாவி அலமாரியின் தலைமேல் இருக்கும். தொடக் கூடாது.

நானும் தம்பியும் துண்டுகளைத் தொலைப்பதில் கில்லாடிகள். "வலது கை காணோம்" என்று தம்பி ஒப்பாரி வைப்பான். "இங்கதான் எங்கயாவது இருக்கும், அப்பா தேடித் தர்றேன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அம்மா மருத்துவமனைக்கு வேலைக்குப் போனதும் எங்களைக் கீழே விளையாட அனுப்பிவிடுவார். திரும்பி வந்தால் கை கிடைத்திருக்கும். சோபா இடுக்கில் இருந்தது என்பார், கட்டிலுக்கு அடியில் இருந்தது என்பார். எங்க அப்பா கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். சில நாள் படியேறி வரும்போது குளியலறையில் அம்மாவின் ஹேர் டிரையர் ஓடுகிற சத்தம் கேட்கும். அம்மாவோ வேலையில். அப்பாவுக்கோ பளபளவென்று வழுக்கை. மரமண்டை எனக்கு அது உறைக்கவே இல்லை.

எனக்குப் பதினொரு வயதானபோது அந்தச் சண்டை நடந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். "பிரிக்காத பெட்டி இருக்குன்னு சும்மா அளக்குற" என்று அவள் சொல்ல, எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலி போட்டு ஏறிச் சாவியை எடுத்து, என் முதல் வீரனின் பெட்டியை வெளியே எடுத்தேன். அதைப் பிரிக்கப் போன நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். ஓடி வந்து என் கையிலிருந்து பிடுங்கினார். அவர் என்னிடமிருந்து எதையும் பிடுங்கியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

"இது வேணாம்மா. இதப் பிரிக்காத."

"எனக்குத்தானே வாங்கினீங்க?"

"ஆமா. ஆனா இப்ப வேணாம்."

தோழி வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "உங்களுக்கு நான் முக்கியமா, இந்தப் பெட்டி முக்கியமா? சொல்லுங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பச்சைப் பிள்ளையைத் தூக்குகிறவர் மாதிரி, அடியில் ஒரு கையைக் கொடுத்துப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பதில் வரவில்லை. என் மேஜைமேல் இறக்கை வீரன் நின்றுகொண்டிருந்தான். இருந்ததிலேயே பெரியவன், அந்த மாதம்தான் வந்தவன். அவனை எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன். கீழே நின்ற வண்டியின் கூரையில் மோதிச் சிதறுகிற சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டது. அப்பா பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது இறக்கை வீரன் மேஜைமேல் நின்றுகொண்டிருந்தான். ஒரு கீறல்கூட இல்லை. "எல்லாம் கிடைச்சிருச்சு" என்றார் அப்பா. நான் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் எந்தப் பெட்டியும் வாங்கவில்லை. அந்தக் கேள்வியை நானும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவர் பேசாமல் நின்றதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். பெட்டிதான் முக்கியம். அப்படியே நம்பி வளர்ந்தேன். அவர் பரிவாக எது செய்தாலும், போய் உங்கள் அலமாரியைக் கொஞ்சுங்கள் என்று மனதுக்குள் ஒரு குரல் சொல்லும்.

வேலை கிடைத்து வீட்டை விட்டுக் கிளம்பியபோது என் அறையைக் காலி செய்தேன். இறக்கை வீரனைக் குப்பைப் பையில் போட்டேன். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துத் தூக்கும்மா. இறக்கை முனை கூரா இருக்கு, கையில குத்திரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான்கு மாதத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். காலி செய்ய வேண்டிய வீட்டில் மிஞ்சியது அந்த அலமாரி மட்டும்தான். தம்பி விசாரித்து ஒரு பல் டாக்டரைப் பிடித்தான். இந்த வரிசைப் பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவராம். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருந்தது எனக்கு. தொல்லை விட்டது.

டாக்டர் ஒரு சின்ன டார்ச்சும் சமையலறைத் தராசும் கொண்டுவந்தார். என் முதல் வீரனின் பெட்டியைத் தராசில் வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

"இந்த வரிசையில எல்லாத்தோட எடையும் எனக்கு மனப்பாடம்மா. இது குறையுது. யாரோ பிரிச்சிருக்காங்க."

"எங்கப்பாவத் தவிர யாரும் தொட்டதே இல்ல" என்றேன்.

"அப்போ அவருதான் பிரிச்சிருக்கணும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்பாமேல் எனக்கு ஆயிரம் வருத்தம் இருக்கும். அதற்காக வந்தவர் போனவர் அவரைப் பொய்க்காரர் என்பதா? "வாய்க்கு வந்தத பேசாதீங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த டேப்பின் ஓரத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். "பாருங்க, சூடு காட்டி உரிச்சு, திரும்ப ஒட்டியிருக்காரு. ரொம்பப் பொறுமையான மனுஷன்."

குளியலறை, டிரையர் சத்தம், வழுக்கைத் தலை. எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. தம்பிதான் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே துண்டுகள் இருந்த பை. பைக்குள் ஐந்து சீட்டுகள், நூலோடு, பணிமனைச் சீட்டுகள். தம்பி ஒன்றை எடுத்துப் படித்தான். "எடுத்த பாகம்: வலது கை. எந்த லிஃப்டுக்கு..." அந்த வரியில் 'லிஃப்டுக்கு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'சின்னவனுக்கு' என்று எழுதியிருந்தது. "காரணம்: தொலைந்தது. சாப்பிட மாட்டேன் என்கிறான்." அடுத்தது: "கேடயம். பெரியவளுக்கு. காரணம்: கதவிடுக்கில் வைத்துப் பலம் பார்த்தாள்." தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணைத் துடைத்தான்.

"அக்கா, அவரு எதையுமே கண்டுபிடிச்சதில்ல, இல்ல?"

இல்லை. சோபா இடுக்கில் எதுவும் இருந்ததில்லை. அன்றைக்கு நான் அந்தப் பெட்டியைப் பிரித்திருந்தால், என் தோழி முன்னாலேயே ஐந்து சீட்டுகளும் தரையில் விழுந்திருக்கும். பள்ளி முழுக்க நான் பீற்றிக்கொண்ட அப்பா பொய்யாகியிருப்பார். அதைத்தான் அடியில் கை கொடுத்து மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் கேட்டதற்குப் பதில் அவர் கையிலேயே இருந்தது. அதை எனக்குக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

மீதிப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். சீட்டு இல்லாத பெட்டி ஒன்றுகூட இல்லை. டாக்டர் தராசை ஓரமாக வைத்துவிட்டு, எங்களோடு தரையில் உட்கார்ந்து டேப்புகளை உரித்துக் கொடுத்தார்.

கடைசியாக இறக்கை வீரனின் பெட்டி. கையில் தூக்கியதுமே தெரிந்துவிட்டது, அதற்குத் தராசு வேண்டியிருக்கவில்லை. பை காலி. ஒரு துண்டுகூட இல்லை. ஒரே ஒரு சீட்டு மட்டும் இருந்தது. தம்பி என்னிடம் நீட்டினான்.

எடுத்த பாகம்: எல்லாம்.
எந்த லிஃப்டுக்கு: பெரியவளுக்கு.
தேதி: நான் வீரனை வீசியதற்கு மறுநாள்.
காரணம்: கேட்டாள். பதில் சொல்லவில்லை.

"இந்த பொம்மை இப்ப எங்க இருக்கு?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"குப்பையில போட்டுட்டேன்" என்றேன். "அவரு கண் முன்னாலயே போட்டேன்."

டாக்டர் விலை பேசவில்லை. கிளம்பும்போது காலிப் பெட்டியின் மூடியை மடித்து, ஓரங்களை விரலால் நீவி என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அலமாரியைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோகிறான். இறக்கை வீரனின் பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். சீட்டை உள்ளே வைத்து அதே டேப்பால் ஒட்டிப் பார்த்தேன். அப்பா மாதிரி எனக்கு வரவில்லை, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பின்னால் வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்றுதான் அவர் எழுதி வைத்தார். பின்னால் வந்தவள் நான். இருபத்தேழு வருடம் ஏமாந்துபோய் இருந்திருக்கிறேன். அது அவர் குற்றமில்லை.