நூற்றொன்றாவது உறை

ஜெகதீஸ்வரி எதையும் எண்ணாமல் கைவிட்டதில்லை. பரிஸுக்கு வெளியே கூசேன்வில் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற சமையற்கூடத்தில் அவருக்கு இருபது வருஷ வேலை. ஒரு தள்ளுவண்டிக்குள் நாற்பத்திரண்டு தட்டுகள். கதவை மூடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டிலும் விரலை வைத்து எண்ணுவார். வாசலில் உள்ள இயந்திரம் வண்டியை நிறுத்துப் பார்த்துப் பச்சை விளக்குப் போட்ட பிறகும் எண்ணுவார். "மெஷினுக்கு நிறை தெரியும், தட்டுத் தெரியாது" என்பது அவர் கட்சி. ஒரு தட்டுக் குறைந்தால் நடு வானத்தில் ஒரு மனிசன் பட்டினி கிடக்க வேண்டும். ஓடிப்போய் வாங்கிவர அங்கே என்ன கடையா இருக்கிறது?

எண்ணுவது தமிழில்தான். அதிலும் 'ஒண்டு' என்று தொடங்கமாட்டார். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நெல் வியாபாரி. கொத்து என்கிற படியால் அளக்கும்போது முதல் கொத்தை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது அந்த வியாபாரிகளின் வழக்கம். லாபம், ரெண்டு, மூண்டு, நாலு. மகளுக்கு நெல்லும் வரவில்லை, கடையும் வரவில்லை. அந்த லாபம் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு பரிஸ் வரைக்கும் வந்துவிட்டது.

2009ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அப்போது அவரும் கணவர் ராதாகிருஷ்ணனும் பரிஸின் புறநகரான பொபினியில் இருந்தார்கள். அடுத்த வருஷம் பரிஸ் நகரத்துக்குள் லா சப்பலுக்கு, ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு நாலாம் மாடிக்கு வந்து, வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். 2012இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து, வாக்குச்சாவடி மூட இருபது நிமிஷம் இருக்கையில் ஜெகதீஸ்வரி ஓடிப்போய் முதன்முதலாக வாக்களித்தார். சாவடித் தலைவி "ஆ வோத்தே!" என்று, இவர் வாக்களித்துவிட்டார் என்று, உரத்துச் சொன்னார். பிறகு குரலைத் தணித்து அவரிடம் ஏதோ கேட்டார். "வீ", அதாவது ஆம், என்றார் ஜெகதீஸ்வரி. கந்தோர் என்கிற அலுவலகங்களில் எதைக் கேட்டாலும் முதலில் 'வீ' சொல்லிவிட்டுப் பிறகு விளங்கிக்கொள்வது எங்கள் ஆட்களின் பழைய பழக்கம். தலைவி கேட்டது, வாக்கு எண்ண ஆள் வேண்டும், இருக்கிறீர்களா என்று.

இருந்தார். இருந்தவர் அன்றைக்குக் கண்டதை இன்றுவரை ஆச்சரியமாகச் சொல்லுவார். இவ்வளவு பெரிய நகரத்தில் வாக்கு எண்ண ஒரு இயந்திரமும் இல்லை. கண்ணாடிபோன்ற பெட்டியைத் திறந்து உறைகளை மேசையில் கொட்டுகிறார்கள். நூறு நூறாக எண்ணிப் பெரிய உறைகளில் கட்டுகிறார்கள். பிறகு மேசைக்கு நாலு பேர்: ஒருவர் உறையைப் பிரிக்க, ஒருவர் சீட்டை வாசிக்க, மற்ற இருவரும் தனித்தனித் தாள்களில் கோடு போடுகிறார்கள். நாலு பேரும் அந்தத் தெருக்களில் இருக்கிற சாதாரண சனம். எல்லாம் முடிந்த பிறகுதான் கணினி வருகிறது, முடிவை மேரிக்கு, அதாவது நகரசபைக்கு, அனுப்புவதற்கு.

வீட்டுக்கு வந்தால் ராதாகிருஷ்ணன் சிரித்தார். லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறவர், எதிலும் அவசரக்காரர்.

"டீவியிலை சரியா எட்டு மணிக்கு ஆர் வெண்டது எண்டு படத்தோடை காட்டிப்போட்டாங்கள். நீங்கள் ரெண்டு மணித்தியாலமா அங்கை என்னத்தை எண்ணினீங்கள்?"

அது ஜெகதீஸ்வரியைக் குடைந்தது. பெட்டி திறக்கும் முன் தொலைக்காட்சிக்கு எப்படித் தெரியும்? பிறகு விசாரித்து அறிந்தார். முன்னதாக மூடுகிற வெளியூர்ச் சாவடிகள் சிலவற்றில் முதலில் பிரிக்கிற நூறு இருநூறு சீட்டுகளின் கணக்கைத் தொலைபேசியில் வாங்கி, கணினியில் போட்டு, முழு நாட்டையும் கணிக்கிறார்கள். பெரும்பாலும் தவறுவதில்லை. கெட்டிக்காரர்கள்தான், அதை அவரும் ஒத்துக்கொள்வார். ஆனாலும் ஒரு பானையில் ஒரு சோற்றைப் பதம் பார்க்கிறவர்களுக்கும், பந்தியில் எல்லாருக்கும் சோறு போட்டு முடிக்கிறவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? அவர் இரண்டாவது கட்சி. அதன்பின் பத்து வருஷம் ஒரு தேர்தலையும் விடவில்லை.

2022 ஜூன் மாதம், நாடாளுமன்றத் தேர்தல். அன்று மத்தியானம் வாக்களிக்கப் போன ஜெகதீஸ்வரியிடம் சாவடித் தலைவி ஆலீஸ் ஒரு செய்தி சொன்னார். "அடுத்த தேர்தலில் உங்களைக் கையெழுத்து மேசையில் இருத்த நினைக்கிறேன், மதாம். சம்மதமா?"

வாக்களித்தவர்கள் தங்கள் பெயருக்கு நேரே கையெழுத்திடுகிற பட்டியல், காலையிலிருந்து மாலைவரை அந்த மேசையில்தான் இருக்கும். பத்து வருஷமாக ஜெகதீஸ்வரி உட்கார ஆசைப்பட்டுக் கண் வைத்திருந்த கதிரை அது. இந்த முறை விளங்கிக்கொண்டே 'வீ' சொன்னார்.

எட்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். வெளியே இன்னும் நல்ல வெயில். ஜெகதீஸ்வரிக்கு முன் ஒரு குவியல். முதல் உறையை எடுத்து "லாபம்" என்று மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்து, கணினியோடு இருந்த யோன் தலையை நிமிர்த்தினான். அவன் அன்றைய செயலாளர், சாவடிக்குப் புதியவன்.

"மதாம், எல்லாருக்கும் விளங்குகிற மாதிரிப் பிரெஞ்சில் எண்ணுங்கள்."

நியாயமான பேச்சு. ஜெகதீஸ்வரி அடுத்த உறையை எடுத்து "அன்" என்றார், அதற்கடுத்ததை "தெ" என்றார், ஒன்று, இரண்டு என்று நூறு வரைக்கும் போனார். நூறைப் பெரிய உறைக்குள் போட்டு ஒட்டினார்கள்.

மொத்தம் ஐந்நூற்று முப்பத்தாறு உறைகள். பட்டியலில் கையெழுத்துகளோ ஐந்நூற்று முப்பத்தேழு. "கையெழுத்துகளை எண்ணும்போது ஒன்று கூடிப்போயிருக்க வேண்டும்" என்றார் ஆலீஸ். அப்படியும் நடப்பதுண்டு. யோன் இரண்டு எண்களையும் கணினியில் தட்டி மேரிக்கு அனுப்பினான்.

ஜெகதீஸ்வரியின் மேசையில் உறை பிரித்தவர் மரி-லூயிஸ், புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்துநாலு வயது. ஜெகதீஸ்வரியின் பிரெஞ்சை இடைக்கிடை திருத்துவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். மரி-லூயிஸ் பிரித்துக் கொடுக்க, ஜெகதீஸ்வரி வாசிக்க, மற்ற இருவரும் கோடு போட்டார்கள். முதல் கட்டு முடிந்ததும் கோடுகளைக் கூட்டினார்கள். இரண்டு தாள்களிலும் ஒரே எண். நூற்றொன்று.

நூறு உறைக்குள் நூற்றொரு சீட்டு.

மற்றக் கட்டுகள் எல்லாம் சரியாக வந்தன. யோன் மொத்தத்தைத் தட்டினான். உறை ஐந்நூற்று முப்பத்தாறு, சீட்டு ஐந்நூற்று முப்பத்தேழு. கணினி சிவப்புக் கோடு போட்டு, அனுப்பமாட்டேன் என்றது. மேரியிலிருந்து தொலைபேசி வந்தது. மற்றச் சாவடிகள் பல அனுப்பிவிட்டன, உங்களுடையது எங்கே?

யோன் மரி-லூயிஸைப் பார்த்தான். "ஒரே உறைக்குள் ஒரே மாதிரி இரண்டு சீட்டு இருந்தால் அது ஒரு வாக்குத்தான், மதாம். நீங்கள் கவனியாமல் இரண்டாகக் கொடுத்துவிட்டீர்களோ?"

மரி-லூயிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தமிழில், மெல்ல, ஜெகதீஸ்வரிக்கு மட்டும் சொன்னார்.

"போன மாசந்தான் கண் ஆபரேஷன் ஆச்சு. தவறவுட்டுட்டேனோ என்னவோ. இனிமே என்னைய இங்க உக்கார வெக்க மாட்டாங்க, பாருங்க."

"சுலபமான வழி ஒன்று இருக்கிறது" என்றான் யோன். "ஒருவர் பெயரும் இல்லாத வெற்று வாக்குகள் பதினாலு. அதைப் பதின்மூன்று என்று போடுவோம். வெள்ளைக் கடதாசிதானே. வென்றவருக்கும் மாற்றமில்லை, தோற்றவருக்கும் மாற்றமில்லை. கணினி பச்சையாகிவிடும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. களைப்பில் சொன்னான். ஆலீஸும் உடனே மறுக்கவில்லை. தொலைபேசி திரும்பவும் அடித்துக்கொண்டிருந்தது.

ஜெகதீஸ்வரி மூன்று எண்களையும் திரும்பப் பார்த்தார். கையெழுத்து ஐந்நூற்று முப்பத்தேழு. சீட்டு ஐந்நூற்று முப்பத்தேழு. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதது உறை மட்டுந்தான். உறையை எண்ணியது யார்? 'லாபம்' என்று வைத்த முதல் உறை மேசையில் கிடக்க, அடுத்த உறைக்குத்தானே 'அன்' என்று சொன்னார்! அந்தக் கட்டில் இருந்தது நூற்றொரு உறை.

சும்மா இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பழி மரி-லூயிஸின் கண்ணில் விழும். வெள்ளைக் கடதாசி ஒன்று குறையும். கையெழுத்து மேசைக் கதிரை அவருக்கே கிடைக்கும். வாயைத் திறந்தால், எண்ணத் தெரியாத பெண்ணுக்கு எந்தத் தலைவி அந்தக் கதிரையைக் கொடுப்பாள்? இதையெல்லாம் யோசித்தேன் என்று அவரே பிறகு மறைக்காமல் சொன்னார். யோசித்ததாலேதான் எனக்கு அவர்மேல் மதிப்பு. யோசிக்காமல் நல்லவராக இருப்பதில் என்ன பெரிய காரியம்?

"பிழை என்னுடையது" என்று எழுந்து நின்று பிரெஞ்சில் சொன்னார். "உறைகளை நான்தான் பிழையாக எண்ணினேன். இவருடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை. முதல் கட்டின் வெறும் உறைகள் இங்கேதான் கிடக்கின்றன, எண்ணிப் பாருங்கள்."

லாபக் கதையைப் பிரெஞ்சில் விளங்கப்படுத்த அவர் பட்ட பாடு! நெல், கொத்து, வியாபாரி என்று தொடங்கி நடுவில் சிக்கிக்கொண்டார். கடைசியில் மரி-லூயிஸ்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நல்ல தபால் கந்தோர்ப் பிரெஞ்சில், முழுவதையும் சொல்லி முடித்தார். "எங்க ஊர்லயும் அப்படித்தான் அளப்பாங்க" என்று ஜெகதீஸ்வரியின் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சேர்த்தார்.

ஆலீஸ் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். வெறும் உறைகளை ஜெகதீஸ்வரியின் முன்னால் தள்ளினார்.

"நீங்களே எண்ணுங்கள், மதாம். உங்களுக்கு எது சரியாக வருமோ அந்த மொழியில்."

ஜெகதீஸ்வரி விரலை வைத்து வைத்து எண்ணினார். லாபம். ரெண்டு. மூண்டு. பக்கத்தில் மரி-லூயிஸ் பிரெஞ்சில் கூடவே எண்ணினார். முப்பது தாண்டியபோது யோனும் எழுந்து வந்து நின்று பார்த்தான். நூறு முடிந்தது. மேசையில் இன்னும் ஒரு உறை கிடந்தது.

"நூற்றொண்டு" என்றார்.

ஆலீஸ் மேரிக்குப் பேசி, ஏற்கெனவே அனுப்பிய எண்ணைத் திருத்தினார். அறிக்கையில் தன் கையால் எழுதினார்: உறைகளை எண்ணியதில் ஒரு தவறு, தவறு செய்தவரே கண்டுபிடித்துத் திருத்தினார். யோன் பதினாலைப் பதினாலாகவே தட்டினான். கணினி பச்சையானது. பிறகு அவன் மரி-லூயிஸிடம் போய் மன்னிப்புக் கேட்டான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதிரை போய்விட்டது என்றுதான் ஜெகதீஸ்வரி நம்பினார். அடுத்த நாள் பின்னேரம் கைத்தொலைபேசியில் தங்கள் சாவடியின் முடிவைத் தேடிப் பிடித்து, ராதாகிருஷ்ணனுக்குக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோப்பா. வெத்து வாக்குப் பதினாலு. இதிலை ஒண்டை வெட்டப் பாத்தவை. நான் விடேல்லை."

ராதாகிருஷ்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார்.

"நானும் வெள்ளைக் கடதாசிதான் போட்டனான்" என்றார். "நிண்ட ஆக்களிலை ஒருத்தருக்கும் போட எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் அங்கை இருந்து எண்ணுறியள், போகாமல் விட்டால் சரியில்லை எண்டு போனனான். இந்தப் பதினாலிலை என்ரை எது?"

"அது ஆருக்குத் தெரியும்? வெட்டியிருந்தால் அது உங்கடையாயும் இருந்திருக்கலாம்."

ராதாகிருஷ்ணன் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் எட்டு மணித் தொலைக்காட்சியை வைத்து மனைவியைச் சீண்டியதில்லை.

2024 ஜூனில் மேரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து மேசைக்கு ஆலீஸ் அவர் பெயரையே கொடுத்திருந்தார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஜெகதீஸ்வரி கையெழுத்து மேசையில் போய் இருந்தார். பத்து மணிபோல ராதாகிருஷ்ணன் வந்தார், நன்றாகத் தோய்த்த சேட்டுப் போட்டு. உறையைப் பெட்டியில் போட்டார். "ஆ வோத்தே!" என்றார் ஆலீஸ். ஜெகதீஸ்வரி பட்டியலைத் திருப்பி, அத்தனை பெயர்களுக்குள்ளும் கணவருடைய பெயரைத் தேடி, அதற்கு நேரே விரலை வைத்தார்.

"இஞ்சை போடுங்கோ" என்றார்.