நாலாவது பெயர்

போன சனிக்கிழமை மயிலாப்பூரில் ஒரு பிரஸ்ஸில் உட்கார்ந்து, மகள் கல்யாணப் பத்திரிகையின் மூன்றாவது ப்ரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தேன். மாதா கோயில் பூசையில் இரண்டு வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. பத்திரிகை மட்டும் இன்னும் அச்சேறவில்லை.

காரணம்? வேறு யார், நான்தான். பெரியப்பா பெயர் மேலேயா, மாமா பெயர் மேலேயா என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், பேரை மேல கீழ மாத்திகினே கீறீங்க... நான் அடிக்கறதா வேணாமா?" என்றார் பிரஸ்காரர் குமார்.

"பெரியவர் பேரு கீழ போனா, அவரு கல்யாணத்துக்கே வர மாட்டாருங்க."

பக்கத்தில் என் தங்கை ஜெசிந்தா. எங்களுக்கு ஜெசி. அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். நோய் எதிர்ப்பு சக்திதான் அவள் சப்ஜெக்ட். ஒரு முறை வந்துபோன கிருமியை உடம்பு எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது — இதையே இருபத்தைந்து வருஷமாகக் குடைந்துகொண்டிருக்கிறாள். 

"இன்டர்வியூ என்னாச்சு ஜெசி?" என்றேன். துறைத் தலைவர் பதவிக்கான இன்டர்வியூ. ரிடையர் ஆவதற்கு முன் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"கிடைக்கலைண்ணா."

"ஏன்? உன் பேப்பரைத்தானே ஊர் உலகமெல்லாம் மேற்கோள் காட்டுறாங்க?"

"பேப்பரைக் காட்டுறாங்க. என்னை இல்ல. 'அதுல நீங்க நாலாவது பேராச்சே... கூடமாட என்ன உதவி பண்ணீங்க'ன்னு கேட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அவளை அந்த நாலாவது இடத்தில் உட்காரவைத்தவன் நான்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், அப்போது மந்தைவெளியில் குடியிருந்தோம். அப்பா இறந்துவிட்டார். வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். அந்தப் பேப்பரை அனுப்புவதற்கு முன், இங்கிலீஷைச் சரிபார்க்க என்னிடம் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் முதலில் அவள் பெயர். அடுத்து லேபில் கைகொடுத்த இரண்டு பேர். புரொஃபசர் பெயர் — கடைசியில்!

எனக்குப் பதறிவிட்டது. "பெரியவரைக் கடைசியிலயா போடுவாங்க? அவரு தயவு இல்லாம நீ முன்னுக்கு வர முடியுமா?"

"எங்க ஃபீல்டுல அப்படித்தாண்ணா. வேலை செஞ்சவங்க பேரு முதல்ல, கைடு பேரு கடைசியில. அதுதான் அவருக்கு மரியாதை."

"மரியாதையைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

நானே பேனாவை எடுத்து அம்புக்குறி போட்டேன். புரொஃபசர் முதலில். அவளைவிட மூத்தவர்கள் இருவரும் அடுத்து. வயதில் சின்னவள், அதனால் அவள் நாலாவது. அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு "சரிண்ணா" என்றாள்.

புரொஃபசர் என்ன சொன்னார் என்கிறீர்களா? "குட், குட்" என்று அனுப்பிவிட்டார். வலிய வந்த சீதேவியை யாராவது காலால் உதைப்பார்களா?

அந்தப் பேப்பர் ஓட்டமாக ஓடியது. எந்த நாட்டில் யார் எழுதினாலும் அதைக் குறிப்பிடுகிறார்கள். எப்படி? முதல் பெயரை மட்டும் போட்டு, 'மற்றும் பலர்' என்று. மூன்று வருஷம் அடைகாத்தவள், அந்தப் பலரில் ஒருத்தி.

நமக்கு எல்லாமே கல்யாணப் பத்திரிகைதான். ஆபீஸ் சர்க்குலர், திருவிழா பேனர், ஆராய்ச்சிக் கட்டுரை... எதை எடுத்தாலும் இதில் யார் பெரியவர் என்றுதான் முதலில் தேடுகிறோம். வேலை செய்தது யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அன்று நான் மரியாதை என்று சொன்னதில் பாதிக்கு மேல் பயம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

"அன்னைக்கே என்கூடச் சண்டை போட்டிருக்கலாமே ஜெசி?"

"நீதானேண்ணா என்னைப் படிக்கவெச்ச..."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

ப்ரூஃபை இழுத்தேன். அழைப்பவர்கள் வரிசையில், எல்லாருக்கும் மேலே, 'டாக்டர் ஜெசிந்தா' என்று எழுதினேன். பெரியப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். குமார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஜெசி ப்ரூஃபை வாங்கிப் பார்த்தாள். பேனாவைக் கேட்டு வாங்கித் தன் பெயரின் மேல் கோடு போட்டு அடித்தாள். பிறகு பத்திரிகையின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். 'மற்றும் சுற்றமும் நட்பும்.'

"நான் இதுல இருக்கேண்ணா. எனக்குத்தான் பழக்கமாச்சே."

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. பெயர் வரிசை ரொம்பச் சரியாக இருக்கிறதாம் — பெரியப்பா போன் போட்டுப் பாராட்டினார்.