கன்றை இறுக்கிப் பிடியுங்கள்

என் அப்பா சாமிக்கண்ணு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளுக்கு ஊசி போடுவார்.

2011இல் கன்றுவீச்சு நோய்க்குத் தடுப்பூசி வந்தது. இந்த நோய் கண்ட மாட்டுக்கு ஏழாம் மாதத்தில் சினை கலைந்து கன்று விழுந்துவிடும். மனிதருக்குத் தொற்றினால் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். நாடு முழுக்கக் கிடேரிகளுக்கு, அதாவது பெண் கன்றுகளுக்கு, ஊசி போட்டு நோயை ஒழிப்பது திட்டம். மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, வலு குறைத்தது. கன்றுக்குக் காப்பு. மனிதர் உடம்புக்குள் போகக் கூடாது.

ஒரு கன்று துள்ளியதில் ஊசி அப்பாவின் கட்டைவிரலில் ஏறிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. மாலை தோறும் குளிர்க்காய்ச்சல் வரத் தொடங்கிய பிறகே, போர்வைக்குள்ளிருந்து என்னிடம் சொன்னார்.

"நம்ம வைத்திலிங்கத்துக்கு வந்துச்சே, அதுவா எழிலு?"

வைத்திலிங்கம் பால் கறந்தவர். அந்த நோயில் முதுகு போய், ஆள் தூக்காமல் எழ முடியாதவர்.

நான் சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவின் ரத்தத்தை நானே எடுத்துப் பார்த்தேன். நோய் இருந்தது. டாக்டர் ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினார்.

மறுநாள் கொல்லையிலிருந்து அலறல். "எழிலு, ஒண்ணுக்கு ரத்தமா போவுதும்மா!"

"மாத்திரையோட நெறம்பா. சொன்னேன்ல?"

"சொன்ன. பாத்தா பயமாதான இருக்கு."

நோயைவிடப் பெரிய பயம் இன்னொன்று. "ஊசி போடுறவனே படுத்துட்டான்னு தெரிஞ்சா ஒரு கன்னு வராது. வெளில மூச்சு விடாத."

எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த ஊசி முகாமில் எங்கள் ஊர்த் தில்லையம்மாள் கன்றோடு தள்ளியே நின்றார்.

"நீ என்னா கிடேரியா சாமிக்கண்ணு, ஒனக்கே போட்டுக்கினியாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஆமா, குத்திக்கிச்சு. காய்ச்சல்ல கெடந்தேன், மாத்திரை திங்கிறேன். கன்னுக்கு ஒண்ணும் ஆவாது. துள்ளுச்சின்னா எனக்குதான் ஆவும். அதான் சொல்றேன், இறுக்கிப் புடிங்க."

தில்லையம்மாள் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போடு" என்றார். மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள்.

அப்பா குணமானார். போன மாதம் மாரடைப்பில் இறந்தார். அதற்கு முன் எடுத்த ரத்தத்தில் கிருமி இல்லை. இந்தக் கிருமி தாக்கக்கூடிய இதய வால்வுகளும் ஸ்கேனில் சுத்தமாக இருந்தன. இரண்டு முடிவுகளையும் நான் பார்த்தேன். ஆனால் ஊரில், அன்று விரலில் ஏறிய ஊசிதான் கொன்றது என்கிறார்கள். அடுத்த முகாம் வருகிறது. கன்றுகள் வராமல் போய்விடுமோ என்று அவர் பயந்த அதே பயம் இப்போது எனக்கு.

காரியத்தன்று தில்லையம்மாள் என்னைத் தனியே அழைத்தார். "மறைக்காம சொல்லு. ஊசியாலயா?"

"இல்ல அத்தே. அடைச்சது ரத்தக் குழா. ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல இன்னொரு கிடேரி நிக்குது. முகாமுக்கு ஓட்டியாறேன்" என்றார். "புதுசா வர்றவன் நல்லாப் போடுவானா? எதுக்கும் நானே புடிச்சிக்கிறேன்."