மாமாவின் இடுப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி

உங்கள் மாமா ஒரு காலத்தில் கைத்துப்பாக்கி வாங்க இருந்தார். எதை வாங்கலாம் என்று அவருக்கு யோசனை சொன்னது நான். இது உங்கள் மூவரில் மூத்தவளுக்கு மட்டும் அரைகுறையாகத் தெரியும். மற்ற இருவரும் அப்போது சின்னப் பிள்ளைகள். வெளியாள் யாராவது வேறு மாதிரி சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே எழுதி வைக்கிறேன். கோயில் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் தமிழ் படித்தவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கதியில் பிழை வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா உங்கள் அம்மாவுக்கு ஒரே அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தை தவறிய பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் தனியாக இருந்தார். இங்கே பர்மாவில் பட்டாள ஆட்சி வந்த பிறகு, அவருடைய வார்டுக்கு அது நியமித்த தலைவரை ஒரு காலை நேரத்தில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பாளர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அடுத்து அந்த இடத்துக்கு யார் வருகிறீர்கள் என்று வட்டார அலுவலகத்தில் கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் வந்திருந்தவர்களின் பேர்களைச் சீட்டில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார்கள். மாமாவின் பேர் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்காரக்கூடிய காலமாக அது இல்லை.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீடுகளில் வந்து தங்கும் விருந்தாளிகளின் பேர்ப் பட்டியலை வாங்கி மேலே கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துப் பட்டாளம் ராத்திரியில் வந்து ஆட்களைப் பிடித்துப்போகும், அதனால்தான் ஜனங்களுக்குக் கோபம். மாமா நல்லவர்தான், ஆனால் அந்தப் பட்டியலை வாங்கிக் கொடுத்தார். அதை மறைத்து நான் எழுதக் கூடாது.

ஒரு நாள் மத்தியானம் மிங்கலா தாங்ஞுன்ட்டில் இருக்கும் நம் தையல் கடைக்கு வந்தார். பக்கத்து ரயில் பாதையில் வண்டி ஒன்று போகும் வரை காத்திருந்தார்.

"மாப்பிள்ளை, ஒரு அளவு எடுக்கணும்."

"சட்டையா மச்சான்?"

"இல்ல. இதுக்கு."

போனை நீட்டினார். இரண்டு படங்கள். அலுவலகத்தில் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். இரண்டில் ஒன்றைப் பத்து நாளைக்குள் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். ஒன்று தட்டையானது, உள்ளங்கை நீளம். மற்றது உருளை வைத்தது, குட்டையாக, நடுவில் வயிறு பருத்து இருந்தது. படத்துக்குக் கீழே அளவும் எடையும் போட்டிருந்தது.

"எது நல்லா சுடும்னு கேட்டீங்களா?"

"அத யாரு கேட்டா? எது வெளிய தெரியாதுன்னு கேட்டேன். உன் தங்கச்சி புருஷன் டெய்லர்தானே, அவன்கிட்டயே கேளுன்னு சொல்லிட்டாங்க."

"எதுக்கு மறைக்கணும்? வெளிய தெரிஞ்சா பயந்துகிட்டு வர மாட்டானுங்கல்ல?"

"தெரிஞ்சா அத எடுத்துட்டுப் போறதுக்குன்னே ஒருத்தன் வருவான் மாப்பிள்ளை."

சொல்லிவிட்டு, கடை வாசலைப் பார்க்கிற மாதிரி ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இருபது வருஷமாக அந்தக் கடையில் எனக்கு எதிரே, தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர். அதைப் பார்த்ததும் நான் அளவு டேப்பை எடுத்தேன்.

துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. துணி தெரியும். துணிக்குள் ஒரு கனமான பொருள் கிடந்தால் எங்கே புடைக்கும், எங்கே இழுக்கும் என்று தெரியும். அதனால் பழைய ரப்பர் செருப்புகளின் அடியை அளவுக்கு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, அந்த இரண்டு துப்பாக்கிகளைப் போல இரண்டு பொம்மைகள் செய்தேன். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை உள்ளே வைத்தேன். எடை சரிதானா என்று பார்க்க எதிர்ச் சாரியில் காய்கறி விற்கும் அம்மாவின் தராசில் வைத்தபோது, "இது என்ன மிஷின் சாமானா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். கூசிக்கொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் மாமா வந்து இரண்டையும் மாற்றி மாற்றி இடுப்பில் வைத்து நடந்தார், உட்கார்ந்தார், குனிந்தார். உருளை வைத்தது நிற்கும்போது தெரியவில்லை. உட்கார்ந்தால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தட்டையானது மடித்த கைக்குட்டை மாதிரி படிந்தது.

"இதுதான் மச்சான். உங்க தொப்பைக்குக் கீழ அது இருக்கறது உங்களுக்கே தெரியாது."

"என் தொப்பைய விடு. உருளைன்னா உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துக்கலாம். இது தட்டை. உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. நான் பாட்டுக்கு வச்சிருப்பேன், அது பாட்டுக்கு வெடிச்சா?"

"கிரேன் ஓட்டுன ஆளு, இதுக்கா பயப்படுறீங்க?"

"கிரேனு என் இடுப்புல இல்லையே."

சிரித்தோம். ஆனாலும் அவர் கை அந்த ரப்பரைத் தடவிக்கொண்டே இருந்தது. தட்டையானதையே ஒரு வாரம் இடுப்பில் வைத்துப் பார்ப்பது, சரிப்பட்டால் அதையே எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. பெல்ட்டோ கயிறோ கட்டினால் தழும்பில் உறுத்தும். எனவே அவர் கட்டும் லோஞ்சியின், அதாவது லுங்கியின், உட்பக்கம், வலது இடுப்பு வரும் இடத்தில், துணியோடு சேர்த்தே ஒரு பை வைத்துத் தைத்தேன். இரட்டைத் தையல். அந்தத் தையலைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது.

உங்கள் அம்மாவிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அண்ணன் எப்ப வேணாலும் வரட்டும். அது இந்த வாசப்படி தாண்டி வரக்கூடாது."

"அவரு உயிரு போகுமோன்னு பயந்து போயிருக்காரு."

"எனக்குத் தெரியாதா? நான் அவருக்குத் தங்கச்சி. இங்க மூணு பிள்ளைங்க இருக்கு. அதையும் பாக்கணும்ல."

இப்போது இருப்பது வெறும் ரப்பர்தானே என்று சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சம்மதம் வாங்கினேன். மாமா வந்தார். உங்களில் கடைசிக் குட்டிக்கு அப்போது நாலு வயது. வழக்கம்போல ஓடிப் போய் அவர் மடியில் ஏறினாள். ஏறி, "மாமா, இங்க கல்லு இருக்கு" என்று அவர் இடுப்பைத் தட்டினாள். மாமா அவள் கையைப் பிடித்து விலக்கி, மடியிலிருந்து கீழே இறக்கிவிட்டார். வேகமாக இறக்கிவிட்டார். அவள் அழவில்லை. இது என்ன புது மாமா என்கிற மாதிரி நின்று பார்த்தாள். ரப்பர் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள்; நான் அவளைப் பார்க்காமல் தட்டில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை நான் தாகேதாவுக்குப் போனேன். அவர் தெருவில் நடக்கும்போது துணி எப்படி விழுகிறது என்று பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்பது எண்ணம். அவர் தினமும் போகும் டீக்கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அந்தக் கடைக்காரம்மா பர்மாக்காரி. முப்பது வருஷமாக அவருக்கு டீ கொடுத்தவள். மாமாவை 'அகோ' என்றுதான் கூப்பிடுவாள். நம் வாயில் அண்ணே என்று வருவது போல. சொல்லாமலே இனிப்புத் தூக்கலாக அவருக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

"நேத்து ஏன் வரல அகோ? வேற கடையில டீ நல்லா இருந்துச்சா?" என்று பர்மிய மொழியில் கேட்டாள்.

"உன் டீயக் குடிச்ச நாக்குக்கு வேற டீ ஒத்துக்குமா?" என்றார் மாமா.

குடித்து முடித்தோம். எழுந்தோம். இந்த இடத்தில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வராத ஒரு யோசனை வந்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் எப்படி, குனிந்தால் எப்படி, பஸ் ஏறினால் எப்படி என்று எல்லாம் பார்த்தோம். இந்த ஊரில் லோஞ்சி கட்டிய ஆம்பிளை உட்கார்ந்து எழுந்தால் என்ன செய்வான்? முடிச்சை அவிழ்ப்பான். இரண்டு கையாலும் துணியை இரண்டு பக்கமும் விரித்து இழுப்பான். திரும்ப மடித்து முடிவான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. பேசிக்கொண்டே செய்வோம், நடந்துகொண்டே செய்வோம். கை தானாகச் செய்கிற காரியம் அது. பிறந்ததிலிருந்து நானும் செய்கிறேன். இருந்தும், அவிழ்க்கிற துணியோடு சேர்த்துத்தான் அந்தக் கனத்தை வைத்துத் தைத்தேன்.

மாமா அவிழ்த்து விரித்தார். வலது பக்கத் துணியை ஈயம் இழுத்தது. அவர் கையிலிருந்து அது நழுவிப் பை தலைகீழானது. பொம்மை சிமெண்டுத் தரையில் தொம்மென்று விழுந்தது. மாமா அரைக்கால் டவுசரோடு, ஒரு பக்கத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மேஜையில் இருந்தவர் தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போனார். ஒரு தம்ளர் உருண்டது. கடைக்காரம்மா அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் தலைமுடியில் செருகிய பூ மட்டும் தெரிந்தது.

பிறகு யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, "செருப்பு. செருப்பு ரப்பர்" என்றார். நீலமும் வெள்ளையுமாக அடுக்கடுக்காகத் தெரிந்தது. அப்புறம்தான் சிரிப்பு வந்தது, அதுவும் ஒரேயடியாக. "வார்டு தலைவரு செருப்ப இடுப்புல கட்டிக்கிறாரு, வெறுங்காலோட நடக்கிறாரு" என்று ஒருத்தர் சொன்னார். மாமாவும் சிரித்துக்கொண்டே குனிந்து அதை எடுத்தார். அடுப்புக்குப் பின்னால் இருந்தவள் மட்டும் எழவில்லை. போகிறோம் என்று மாமா குரல் கொடுத்தார். அவள் அங்கிருந்தபடியே, "போயிட்டு வாங்க லூஜீ" என்றாள்.

லூஜீ என்றால் பெரியவர், அதிகாரி. அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை அழைக்கிற வார்த்தை.

பாலத்துப் பக்கம் நடந்தோம். நான் தையல்காரன் புத்தியில் பேசினேன்.

"பையத் தனியா வச்சு, மெத்துனு பட்டை குடுத்துத் தச்சுடறேன் மச்சான். தழும்புல உறுத்தாது. அவுத்தாலும் விழாது."

அவர் பொம்மையை என் கையில் கொடுத்தார்.

"தச்சுடுவ. உன்னால முடியும். அப்புறம் டீக்கடைக்காரி எங்க போயி ஒளிவா?"

"உங்க உயிரு மச்சான்."

"ஆமா. அதத்தான் நெனச்சுக்கிட்டே வர்றேன். முப்பது வருஷம் அவ கையால குடிச்சிருக்கேன் மாப்பிள்ளை. எவனாச்சும் தெருமுனையில வந்து நின்னா அவதான் எனக்கு மொதல்ல சொல்லுவா. இனிமே சொல்லுவாளா?"

வாங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருப்பார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு மனிதன் உயிருக்கு நான் என்ன அளவு எடுப்பது?

பத்தாவது நாள் அவர் அலுவலகத்துக்குப் போனார். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார். இடுப்பில் கனம் தாங்காது, துப்பாக்கி வேண்டாம், முடிந்தால் இந்தப் பதவியிலிருந்தும் விட்டுவிடுங்கள் என்று கேட்டார். துப்பாக்கி விஷயத்தில் விட்டார்கள். பதவியிலிருந்து விடவில்லை. கொடுக்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்கிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அங்கே சிரித்தார்களாம்.

அதோடு பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் சுவரோடு ஒட்டித்தான் உட்காருகிறார். வாசலில் நின்று பல் விளக்குவதில்லை. ஒரே வழியாக இரண்டு நாள் போவதில்லை. வீடு வீடாகப் போய்ப் பட்டியல் கேட்பதை நிறுத்திவிட்டார். தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைக்கிறார், கொடுக்காதவர்களைக் கேட்பதில்லை. அதற்கு மேலிடத்தில் என்ன சொல்கிறார்கள் என்று என்னிடம் சொல்வதில்லை. டீக்கடைக்காரம்மா சில நாள் லூஜீ என்கிறாளாம், சில நாள் மறந்துபோய் அகோ என்கிறாளாம். அகோ என்று சொன்ன நாளில் எனக்குப் போன் செய்வார். வேறு விஷயம் பேசுவது போல ஆரம்பித்து அதில் வந்து முடிப்பார்.

அந்த இரண்டு பொம்மைகளும் கடையில் இருக்கின்றன. துணி வெட்டும்போது பறக்காமல் இருக்க மேலே வைக்கும் நீல ரப்பர்க் கட்டைகள் அவைதான். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாலம் தாண்டி வரும் வரை எனக்கு மிஷினில் கை ஓடாது. அம்மா வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் அடுப்பில் எதையாவது இரண்டாம் தடவை சூடு பண்ணுவாள். மாமா வந்து வாசப்படிக்கு வெளியே நிற்பார். உள்ளே காலை வைப்பதற்கு முன்னால் லோஞ்சியை அவிழ்த்து, இரண்டு பக்கமும் நன்றாக விரித்துக் காட்டி, நிதானமாகத் திரும்பக் கட்டுவார். மாமா டவுசரைக் காட்டுகிறார் என்று நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி ஒரு தடவை பார்ப்பாள்.

"வாங்கண்ணே, சோறு ஆறுது" என்பாள்.

அதற்குள் குட்டி அவர் மடிக்கு ஓடியிருப்பாள்.